சங்கினுள் வாழ்ந்த உயிர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசலும் கண்மாயும் கருவேலமுமாக விரிந்து கிடக்கும் இம்மண்ணில் கடலின் ஓசை கேட்பதில்லை. ஆயினும் இங்குப் பிறக்கும் குழந்தையின் இதழில் முதன்முதலாகப் படும் கலம் கடல் தந்த கலமாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. பாட்டி மடியில் கிடத்திப் பாலும் உரைமருந்தும் புகட்டிய சங்கே அது. வெள்ளியிலும் எவர்சில்வரிலும் செய்த கலங்கள் வந்த பின்னும் அதன் பெயர் சங்கு என்றே நிலைத்துவிட்டது. அக்குழந்தை வளர்ந்து கோயிலுக்குச் சென்றால் அங்கே சங்கு. வாழ்ந்து முடிந்து ஊர் எல்லைக்குச் செல்லும் நாளில் சேகண்டியோடு அங்கும் சங்கு. கடலையே காணாது மறைந்த முதியவர்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. சங்கைக் காணாது மறைந்தவர் இலர்.

இத்துணை நெருக்கமான அப்பொருளினுள் ஓர் உயிர் வாழ்ந்தது என்பதும், அது எதை உண்டது, எவ்வாறு ஈன்றது, எவ்வாறு உணர்ந்தது என்பதும் பெரும்பாலும் எண்ணப்படுவதில்லை. ஓடு போற்றப்பட்டது, உயிர் மறக்கப்பட்டது. மறக்கப்பட்ட அவ்வுயிரையும் அதன் சுற்றத்தையும் பற்றியதே இவ்வுரை.

கடலுக்கும் கரிசலுக்கும் உள்ள உறவு

கடல் இம்மண்ணுக்கு அயலது அன்று. மதுரையிலிருந்து வரும் நெடுஞ்சாலை அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடியைச் சென்றடைகிறது. திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறு, நீர் உள்ள காலத்தில், மன்னார் வளைகுடாவை நோக்கியே செல்கிறது. திருச்சுழி என்னும் ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் கூறும் காரணமும் வெள்ளத்தைப் பற்றியதே. பொங்கி வந்த பெருவெள்ளத்தை இறைவன் சுழித்து நிலத்தினுள் புகச் செய்த இடம் என்பர். சுழி என்னும் அச்சொல்லே சங்கின் வடிவத்துக்கும் பொருந்துவது எண்ணி இன்புறத்தக்கது.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்பகுதியில் வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு முதல் அகழாய்வு மேற்கொண்டது. அங்குக் கிடைத்த பொருள்களுள் சங்கு வளையல்கள் பல. கடலிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே இருக்கும் அவ்வூரில் சங்கு அணியாகி வாழ்ந்திருக்கிறது. கடலோரக் கொற்கையின் அகழாய்வுகளிலும் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆகவே கரையில் எடுத்த சங்கு வறண்ட நிலத்தின் கைகளை அலங்கரித்தது என்பது கற்பனையன்று. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சான்று.

தொல்காப்பியம் எண்ணிய முறை

உயிர்களைப் பகுத்தறியும் முயற்சி தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அவை பெற்ற அறிவின் எண்ணிக்கையால் ஆறாக வகுக்கின்றது. உடம்பால் மட்டும் உணரும் புல்லும் மரமும் ஓரறிவுடையவை. அதற்கு மேல், உடம்பாலும் நாவாலும் உணரும் ஈரறிவுயிர்களாக நந்தையும் முரளையும் தொல்காப்பியர் வைக்கிறார். நந்து என்பதில் சங்கையும் நத்தையையும், முரள் என்பதில் சிப்பி, கிளிஞ்சல் போன்றவற்றையும் உரையாசிரியர்கள் அடக்குவர்.

இப்பகுப்பில் ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. சங்கு கடலில் வாழ்வது. நத்தை கண்மாயில் ஊர்வது. வாழிடத்தால் வேறுபட்ட இவ்விரண்டும் ஒரே பெயரின்கீழ் வந்தன. ஒரே கடலில் சங்குக்கு அண்மையில் வாழும் சிப்பியோ வேறு பெயர் பெற்றது. இன்றைய உயிரியலும் இதையே செய்கின்றது. எலும்பற்ற மென்மையான உடலும், பெரும்பாலும் அதனைக் காக்கும் ஓடும் உடையவற்றை மெல்லுடலிகள் என்னும் பெருந்தொகுதியாக்குகின்றது. அதனுள், சுருண்ட ஒற்றை ஓடும் ஊர்வதற்குத் தசைக்காலும் உடைய சங்கும் நத்தையும் ஒரு வகுப்பு. இரண்டு ஓடுகள் கீல்போல் இணைந்த சிப்பியும் மட்டியும் மற்றொரு வகுப்பு.

இதனால் இன்றைய அறிவியல் முழுவதையும் தொல்காப்பியர் அன்றே கூறிவிட்டார் என்று மார்தட்டுதல் பொருந்தாது. சங்குக்கு இரண்டறிவினும் மிகுதி உண்டு என இன்று தெரிகிறது. அதன் உணர்கொம்புகளில் சிறு கண்கள் உள்ளன. குழல் போன்ற உறுப்பால் நீரை உள்ளிழுத்து, அந்நீரில் கலந்து வரும் மணத்தைக் கொண்டு இரையிருக்கும் திசையை அது அறிகிறது. எண்ணிக்கையில் வேறுபாடு இருக்கலாம். எழுப்பிய வினாவே பெருமைக்குரியது. இவ்வுயிர் மனிதனுக்கு எதற்குப் பயன்படும் என்று தொல்காப்பியர் கேட்கவில்லை. இவ்வுயிர் எதனால் உணர்கிறது என்று கேட்டார். இவ்விரு வினாக்களுக்கும் இடையே உள்ள தொலைவே இவ்வுரையின் மையப்பொருள்.

கண்மாயில் உறங்கும் நத்தை

கடலுக்குச் செல்லுமுன் கண்மாய்க் கரையில் சற்று நிற்றல் தகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகியதும் எங்கிருந்தோ நத்தைகள் வந்துவிடுகின்றன. மழையோடு வானிலிருந்து விழுந்தவை அல்ல அவை. கோடையில் நீர் வற்றும்போது நத்தை சேற்றுக்குள் புதைந்து, தன் காலின் பின்புறம் உள்ள மூடியால் ஓட்டின் வாயை இறுக அடைத்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது; உடலின் இயக்கம் மிகக் குறைந்த அளவில் நடைபெறும். கதவடைத்துக் காத்திருக்கும் அந்த உறக்கம் மழையின் ஈரம் பட்டதும் கலைகிறது. நீரில் மூச்சு விடச் செவுளும், காற்றில் மூச்சு விட நுரையீரல் போன்றதொரு பையும் ஆக இரண்டும் அதற்கு உண்டு. மழையை நம்பி வாழும் உழவனுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறெதுவும் இருத்தல் அரிது.

சங்கும் இந்நத்தையும் ஒரே வகுப்பின. கடலில் தோன்றிய குலத்தின் ஒரு கிளை ஆற்றுநீரையும் குளத்துநீரையும் ஏற்றுக் கரையேறியது. மற்றொரு கிளை கடலிலேயே தங்கியது. கரிசல் நிலத்துச் சிறுவன் சங்கின் உயிரை அறிய விரும்பினால் தன் ஊர்க் கண்மாய் நத்தையிடமிருந்தே தொடங்கலாம்.

சங்கின் வாழ்வு

மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் சங்கு, கடலடி மணலில் பாதி புதைந்து வாழ்கிறது. உயிரோடிருக்கும்போது வெண்மையாகத் தோன்றாது. பழுப்பு நிறத் தோல் ஒன்று ஓட்டின்மேல் போர்த்தியிருக்கும். அதை நீக்கிய பிறகே கோயிலில் காணும் வெண்மை வெளிப்படும். புல்லையும் பாசியையும் மேயும் சாது உயிர் என்று அதனைக் கருதிவிடலாகாது. மணலுக்குள் வாழும் புழுக்களைத் தேடியுண்ணும் ஊனுண்ணி அது.

சுட்ட பின்னும் வெண்மை மாறாத சங்கை, கெட்ட போதும் பண்பு மாறாத மேன்மக்களுக்கு மூதுரையில் உவமையாக்கினார் ஔவையார். வேதியியல் அவ்வுவமைக்கு ஒரு விளக்கம் தருகிறது. சங்கின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. பந்தல்குடிப் பகுதியில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லின் முதற்பொருளும் அதுவே. அதனைச் சுட்டால் கரிவாயு நீங்கிச் சுண்ணாம்பு எஞ்சுகிறது. சுண்ணாம்பும் வெள்ளையே. ஓடு அழிந்தும் நிறம் அழியாமையின் காரணம் இது.

வலம்புரி, இடம்புரி என்னும் வழக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. உயிரியலார் சங்கின் கூர்முனையை மேலே வைத்து, வாயைத் தம்மை நோக்கித் திருப்பிப் பார்ப்பர். அப்போது பெரும்பாலான சங்குகளின் வாய் வலப்பக்கம் அமையும். ஆதலால் அவற்றை வலஞ்சுழி என்பர். தமிழ் மரபில் கூர்முனை கீழாகப் பிடிக்கப்படுகிறது. அப்போது அதே வாய் இடப்பக்கம் அமையும்; ஆதலால் அதே சங்கு இடம்புரி ஆகிறது. பொருள் ஒன்றே, பிடிக்கும் கை வேறு. இப்பொதுவழக்கினின்றும் மாறி மறுபக்கம் சுழிந்து பிறக்கும் அரிய சங்கே வலம்புரி. குளத்து நத்தை இனமொன்றில் நடந்த ஆய்வுகள், சுழியும் திசையை அந்நத்தையின் சொந்த மரபணு முடிவு செய்வதில்லை, தாயின் மரபணுவே முடிவு செய்கிறது என்று காட்டின. அதற்குக் காரணமான மரபணு 2016ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. அருமையே விலையாவதால் போலிகளும் உலவுகின்றன. அமெரிக்கக் கடலோரத்தில் இயல்பாகவே மறுபக்கம் சுழியும் வேறோர் இனத்தின் ஓடு வலம்புரி என விற்கப்படுவதுண்டு.

சங்கின் வாழ்வில் மிக முதன்மையானது அதன் இனப்பெருக்கம். தாய்ச்சங்கு அறைகள் அடுக்கிய தோற்பை போன்ற ஒரு கூட்டினை ஈன்று, அதன் அடிப்பகுதியை மணலில் ஊன்றி நிறுத்துகிறது. குஞ்சுகள் அவ்வறைகளுக்குள்ளேயே வளர்ந்து, சிறிய ஓட்டோடு முழுச் சங்கின் வடிவில் வெளிவந்து, அங்கேயே ஊரத் தொடங்குகின்றன. நீரோட்டத்தில் மிதந்து வேறிடம் செல்லும் பருவம் அவற்றுக்கு இல்லை. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914ஆம் ஆண்டில் இந்தியாவின் புனிதச் சங்கு பற்றித் தனி நூலே எழுதினார். தென்கடலில் எடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று மணமான பெண்களின் வளையலாகும் நெடிய வணிகத்தையும் அதில் அவர் விரித்துரைத்தார்.

சிப்பியும் முத்தும்

சிப்பியின் வாழ்வு இதற்கு நேர்மாறானது. முத்துச்சிப்பியின் முட்டையும் விந்தும் கடல்நீரில் கலந்தே கருவாகின்றன. இளவுயிர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, பின்னர்க் கடலடிப் பாறையில் நூல் போன்ற இழைகளால் ஒட்டிக்கொள்கின்றன. அப்பாறைத் திட்டுகளைக் குளியாட்கள் பார் என்பர். தூத்துக்குடிக் கடலில் உள்ள தொல்லாயிரம் பார் புகழ்பெற்றது. குளியாட்களின் இத்தமிழ்ச் சொல்லை அறிவியலாரும் தம் அறிக்கைகளில் அப்படியே எடுத்தாள்கின்றனர்.

மிதக்கும் இளமை ஒரு வரமும் ஆகும். ஒரு சூதும் ஆகும். நீரோட்டம் துணைபுரிந்தால் வெறும் பாரும் சிப்பியால் நிறையும். மாறினால் நிறைந்த பாரும் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகும். இதனாற்றான் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்ந்ததாக வரலாறு இல்லை. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடைபெற்றது. அதன்பின் அத்தகைய பெருங்குளிப்பு நடைபெறவில்லை.

சோதி நாளில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகும் என்பது பழைய நம்பிக்கை. மழைக்கு ஏங்கும் நிலத்தார்க்கு இந்நம்பிக்கை இனிப்பது இயல்பே. ஆய்வு கூறுவது வேறு. சிப்பியின் உடலைப் போர்த்தியுள்ள மென்தோலின் அணுக்கள், ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ உள்ளே இடம்பெயர்ந்தால், அங்கே ஒரு பையாகிச் சுற்றிலும் பளபளக்கும் பூச்சினைச் சுரக்கின்றன. அடுக்கடுக்காகப் படியும் அப்பூச்சே முத்து. துன்பத்தைத் தன் உடலாலேயே போர்த்தி ஆற்றும் செயல் அது. இம்முறையை அறிந்து, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தினை உருவாக்கினார். நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்னும் பழமொழியும் முற்றிலும் பொய்யன்று. நன்னீர் மட்டிகளிலும் இன்று முத்து வளர்க்கப்படுகிறது.

கடலை விட்டு வாராத குலம்

மெல்லுடலிகள் கண்மாய் வரை வந்தன. கண்மாய்க்கு ஒருபோதும் வாராத குலம் ஒன்று உண்டு. கடல் அட்டை, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவை அடங்கிய முட்தோலிகள் என்னும் தொகுதியே அது. ஆற்றிலோ குளத்திலோ நிலத்திலோ இவற்றுள் ஓர் இனமேனும் வாழ்வதில்லை. உடலுக்குள் ஓடும் நீர் ஏறத்தாழக் கடல்நீரே. உப்பின் அளவைச் சரிசெய்யும் சிறுநீரகம் போன்ற உறுப்பும் அவற்றுக்கு இல்லை. கடலை உள்ளே சுமந்து வாழும் அவை கடலை விட்டுப் பிரிய இயலாதவை.

இவற்றின் உடல் ஐந்து ஐந்தாகப் பகுந்தது. இளம் பருவத்தில் மனிதனைப் போலவே இடம், வலம் என இருபக்க அமைப்புடன் மிதந்து, பின்னர் உருமாறி ஐந்து பகுப்பினை அடைகின்றன. மூளை இல்லை, வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம் மட்டுமே உண்டு. நட்சத்திர மீன் தன் கைகளால் சிப்பியைச் சிறிதே திறந்து, தன் இரைப்பையையே வெளியே நீட்டி உள்ளிருக்கும் ஊனைச் செரிக்கும். அதன் கைகளின் நுனியில் ஒளியை அறியும் புள்ளிகள் உள்ளன. தொல்காப்பியர் கேட்ட வினாவை இவற்றிடமும் கேட்டால் விடை வியப்பளிப்பதாகவே அமைகிறது.

கடல் அட்டை இவற்றுள் எளியது. அழகற்றது என்று ஒதுக்கப்படுவது. கடலடி மணலை விழுங்கி, அதிலுள்ள நுண்ணுயிர்களையும் மக்கிய பொருள்களையும் செரித்து, தூய மணலை வெளியேற்றுவதே அதன் வாழ்நாள் தொழில். கரிசலில் மண்புழு செய்யும் தொண்டினைக் கடலில் அட்டை செய்கிறது. பகை நெருங்கினால் தன் குடலையே வெளியே உமிழ்ந்து தப்பி, பின்னர்ப் புதுக்குடலை வளர்த்துக்கொள்ளும் இனங்களும் இதில் உண்டு. கிழக்காசிய நாடுகளில் இதனை அவித்து உலர்த்தி உண்பதால், விலை மிகுந்தது. விலை மிகுந்ததால் அட்டை குறைந்தது.

விலையும் வினாவும்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், வளைகுடாவின் பரந்த பகுதி 1989ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. சிறிய கடல் அட்டைகளைப் பிடிப்பதற்கு 1982ஆம் ஆண்டில் தடை வந்தது. 2001ஆம் ஆண்டில் கடல் அட்டை இனங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அன்று முதல் ஓர் அட்டையைப் பிடிப்பதும் புலியைக் கொல்வதும் ஒரே அட்டவணையின்கீழ் வரும் குற்றங்கள். எதிர்க்கரையான இலங்கையின் வடபகுதியிலோ அதே அட்டை உரிமம் பெற்றுப் பிடிக்கப்படுகிறது, பண்ணைகளிலும் வளர்க்கப்படுகிறது. இடையில் இருப்பது ஒரே கடல். அட்டையை நம்பி வாழ்ந்த இராமநாதபுரக் கடற்கரைக் குடும்பங்கள் தடையை நீக்கக் கோரி வருகின்றன. கடத்தலும் ஓயவில்லை, காவல் துறையினர் கைப்பற்றும் மூட்டைகளைப் பற்றிய செய்திகளும் ஓயவில்லை.

இவ்வழக்கில் கடற்கரை மக்களின் பசியும் உண்மை; அட்டையின் அழிவும் உண்மை. இரண்டினையும் தீர்க்கும் வழி அவ்வுயிரின் இயல்பை அறிவதிலிருந்தே தொடங்கும். அட்டையில் ஆணும் பெண்ணும் தத்தம் அணுக்களைக் கடல்நீரில் விடுகின்றன. அவை அருகருகே வாழ்ந்தால்தான் கருவுண்டாகும். பத்தில் எட்டினை எடுத்துவிட்டு இரண்டினை விட்டு வைத்தோம் என்று ஆறுதல் கொள்ள இயலாது. அவ்விரண்டும் தொலைவில் இருந்தால் அங்கே பிறப்பே இல்லை. சங்கின் கணக்கு வேறு. ஓரிடத்துச் சங்கு முற்றும் எடுக்கப்பட்டால் வேறிடத்திலிருந்து குஞ்சுகள் மிதந்து வந்து அவ்விடத்தை நிரப்பா. கூடுகள் ஊன்றி நிற்கும் மணலை இழுவலை கலைத்தால் அத்தலைமுறையே கலையும். சிப்பியின் கணக்கு இன்னும் வேறு. மூன்று உயிர்கள், மூன்று இயல்புகள்; ஆதலால் மூன்று நெறிகள் வேண்டும். எல்லாவற்றையும் எடு என்னும் வணிகமும், எதையும் தொடாதே என்னும் சட்டமும் ஒருவகையில் ஒன்றே. இரண்டும் உயிர் ஒவ்வொன்றையும் அதன் இயல்பால் எண்ணுவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடியில் கடல் அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டியது. அவ்வறிவு ஆய்வறையில் தங்காமல், கடற்கரை மக்களின் கையில் பொறுப்போடும் கண்காணிப்போடும் சேருமாயின், கடலில் விதைத்துக் கடலில் அறுக்கும் நாள் வரக்கூடும். விதைநெல்லை உண்ணாது காக்கும் வழக்கம் கரிசல் உழவனுக்குப் புதியதன்று. கடலுக்கும் விதைநெல் உண்டு என்பதே இங்குக் கற்க வேண்டிய பாடம்.

ஓர் இலக்கிய வட்டத்துக்கு இதில் என்ன பணி என்று வினவலாம். பார் என்னும் சொல்லைக் காத்துத் தந்தவர்கள் படிப்பறியாத குளியாட்கள். முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அத்தொழிலைக் கண்ட முதியவர்கள் அருகி வருகின்றனர். அவர்களிடம் உள்ள கடலடி நிலத்தின் பெயர்களும், நீரோட்டத்தின் பெயர்களும், உயிர்களின் பெயர்களும் ஏட்டில் ஏறாவிட்டால் அவர்களோடு மறையும். பாடநூலில் மெல்லுடலி, முட்தோலி என்னும் சொற்களை மனப்பாடம் செய்யும் மாணவன், அச்சொற்களுக்குப் பின்னால் தன் ஊர்க் கண்மாய் நத்தையும் பாட்டி கைச் சங்கும் இருப்பதை உணர வேண்டும். பேரகராதிகள் விட்ட சொற்களைத் தொகுப்பதும், பாடநூலுக்கும் வாழ்வுக்கும் இடையே பாலம் அமைப்பதும் இலக்கிய வட்டங்கள் செய்யத்தக்க பணிகளே. பத்தாண்டு நிறைந்த வட்டம் அடுத்த பத்தாண்டில் ஒருமுறையேனும் தன் உறுப்பினர்களை வேம்பாற்றுக்கும் தூத்துக்குடிக்கும் அழைத்துச் சென்று, அம்முதியவர்களின் முன் அமர்ந்து கேட்குமாயின் அதுவே விழாவின் பயனாகும்.

ஒரு செயல் முடிந்துபோயிற்று என்பதைச் சங்கு ஊதிவிட்டார்கள் என்று சொல்வது ஊர்வழக்கு. பிறப்பில் பால் தந்த சங்குக்கே மனிதன் சங்கு ஊதும் நிலை வாராதிருத்தல் வேண்டும். இனி ஒரு வீட்டில் குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டும்போது, இதனுள் முன்பு ஓர் உயிர் இருந்தது, மணலில் ஊர்ந்தது, நீரின் மணம் அறிந்து இரை தேடியது என்று அக்குழந்தைக்கு ஒரு கதை சொல்லப்படட்டும். உயிரை அதன் உணர்வால் எண்ணிய பழந்தமிழ் மரபு அக்கதையில் தொடரும்.